வெறுங்குழிக்கும் மருந்து

"நான்தான் தொறந்தேன்" என்றாள் டின்சி. "பொய் சொல்லி என்ன ஆவப்போவுது அக்கா."

ஆனந்தி பேனாவை மூடினாள். கொல்லங்கோட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, மழையோடு மழையாக மலையேறி, சாந்தன்பாறை தாண்டி இந்த ஸ்டேஷனுக்கு வந்தது இதைக் கேட்கத்தானா? தனியார் துப்பறிவாளராக வந்தவள் வாய் திறக்குமுன்பே, காப்பாற்ற வேண்டியவள் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"கேட்டாச்சல்லோ?" என்றார் சப் இன்ஸ்பெக்டர் பிரதீபா, மேசைக்கு அப்பால் இருந்து. அவர் குரலில் வெற்றி இல்லை. அலுப்புதான் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஜின்சன் முதலாளிக்கு ஏலத்தோட்டம். தோட்டத்தை ஒட்டி ஒரு ஹோம்ஸ்டே. அதற்கு ஒரு இணையதளம். தங்க வருகிறவர்கள் அடையாள அட்டையைப் படம் பிடித்து முன்கூட்டியே அதில் ஏற்ற வேண்டும். அந்தப் படங்கள் அத்தனையும் களவு போயின. யார் யாருடைய பெயரிலோ சிம் கார்டுகள் முளைத்தன. கள்ளனுக்கு வழிவிட்டது தளத்தில் மாற்றப்பட்ட ஒரு செட்டிங். அது மாறியது டின்சியின் லாகினில். தளத்தைப் பார்த்துக்கொண்டவளும் அவளே.

"எதுக்கும்மா தொறந்தீங்க?" என்றாள் ஆனந்தி.

"மழைமானிக்கு. நாங்க குடியிருக்க லைன் வீடுகளுக்கு நேர் மேல, உச்சியில ஒரு மானி வச்சிருக்காவ. எவ்வளவு பெய்யுதுன்னு அது சொல்லும். அதை சைட்ல ஒரு பக்கத்துல காட்டுனா, லைன்ல எல்லாரும் போன்ல பாக்கலாம். ஆனா அதுக்கு சைட்டு வெளிய போய்ப் படிக்கணும். ஷேர்டு ஹோஸ்டிங்ல அதைப் பூட்டித்தான் வச்சிருப்பாவ."

"பூட்டி வைக்கற அளவுக்கு என்ன ஆபத்து?"

"லைன் வீடு மாதிரிக்கா. கூரை ஒண்ணு, வீடு பத்து. நடுச்சுவரு கூரையைத் தொடாது. முதல் வீட்டுல மிளகா வறுத்தா கடைசி வீட்டுல தும்முவாவ. ஒருத்தன் ஒரு வீட்டுக்குள்ள வந்துட்டா, சுவரேறி அடுத்த வீட்டுக்குப் போயிரலாம். முதலாளி ஒரே கணக்குலதான் எல்லாத்தையும் வச்சிருக்காவ. மழைக்குத் தனியா ஒரு இடம் வாங்கித் தாங்கன்னேன். மாட்டேன்னுட்டாவ."

அவள் விரல்களைக் கோத்துப் பிரித்தாள்.

"ரொம்ப யோசிச்சேன். தொறந்தா அட்டை போவலாம். தொறக்கலன்னா மலை சரிஞ்சு எறங்குறது தெரியாமப் போவலாம். ரெண்டையும் எடை போட்டேன். எடை தப்பிட்டு. அவ்வளவுதான்."

பிரதீபா ஜன்னலைப் பார்த்தார். "சூரியன் விழுந்தால் பெண்ணை அரஸ்ட் செய்யக் கூடாது. சட்டம். அதனால அதுக்கு முன்னே அரஸ்ட் எழுதணும். எழுதினால் கோடதி, ஜட்ஜ் முன்னே. கோடதி என்றால் ரிமாண்ட்தான். அதுக்குள்ள வேற ஏதாவது கிடைச்சா கொண்டு வாருங்க."

கதவோரம் நின்றிருந்த சுடலைமணி தொண்டையைச் செருமினான். ஆனந்தியின் உதவியாளன். இதே மலையில் ஒரு லைனில் பிறந்தவன். ஜீப் ஓட்டுவான், வாயும் ஓட்டுவான்.

"சூரியன் போன வாரமே லீவு போட்டுட்டு மேடம். விழுந்துச்சான்னு யாருகிட்டக் கேப்பீங்க?"



"மானி ஓடுதாக்கா?" என்றாள் டின்சி.

ஓடவில்லை. களவு வெளியே வந்ததும் ஹோஸ்டிங் கம்பெனி கணக்கு மொத்தத்தையும் மூடிவிட்டது. அடையாள அட்டையோடு மழையும் உள்ளே போயிற்று.

"என் போனைத் தந்தா நேரா மானியிலேயே பாத்துருவேன். சாவி அதுல மட்டும்தான் இருக்கு."

போன் மேசைமேல்தான் இருந்தது. சீல் வைத்த கவருக்குள்.

"சீல் உடைச்சா கேஸ் போச்சு" என்றார் பிரதீபா.

வெளியே டின்சியின் அம்மா இருதயம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு மாற்றுத்துணி அடங்கிய பையை மடியில் வைத்து, அதன் மேல் குடையைப் பிடித்திருந்தாள். அவள் நனைந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை என்னம்மா சொல்லுது?"



"வந்துர்றோம் அத்தை" என்றான் மணி. "பையை மட்டும் நனைய விட்டுராதீங்க. டின்சி வந்ததும் சட்டையத்தான் கேப்பா."

ஜீப்பில் ஏறியதும் அவன் குரல் இறங்கியது. "வந்துருவாளாக்கா?"

"தெரியல மணி. முதலாளி இருக்கற எடத்துக்குப் போ."

தளத்தின் நகல் ஒன்றை பிரதீபா பென் டிரைவில் தந்திருந்தார். ஆனந்தி மடிக்கணினியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். ஜீப் குலுங்க, ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்தாள்.

மழைப் பக்கத்துக்கென்று ஒரு ஃபோல்டர். அதில் சின்னதாக ஒரு செட்டிங் ஃபைல். தலையில் டின்சியின் குறிப்பு: மழைமானிக்கு மட்டும். கீழே ஒரே ஒரு வரி. வெளியே போய்ப் படிக்கலாம் என்று சர்வருக்கு அனுமதி. இந்தக் கம்பெனியின் சர்வரில் அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் கிடக்கிறதோ அங்கே மட்டும்தான் செல்லும். டின்சி அது தெரிந்துதான் வைத்திருக்கிறாள். ஒரு ஃபோல்டர், ஒரு வரி, அதற்குமேல் ஒன்றுமில்லை.

அடுத்து ஹோம்ஸ்டே ஃபோல்டர். அங்கேயும் அதே ஃபைல். அதே குறிப்பு. ஆனால் கீழே இரண்டு வரி.

"நிறுத்து மணி."

"நிறுத்துனா ஜீப்பு பின்னால போவும். சொல்லுங்க, கேட்டுக்கிட்டே ஓட்டுதேன்."

"இந்த ரெண்டாவது வரி வேற சங்கதி. பக்கத்து ஊட்டு வாசல்ல நின்னு என்ன குழம்புன்னு கேக்கறது முதல் வரி. தெருவுல போறவனைக் கூட்டியாந்து நம்ம அடுப்படியில சமைக்க உடறது ரெண்டாவது. வெளியாள் எழுதுன ஸ்கிரிப்டை உள்ள கொண்டாந்து ஓட்டலாம்னு அனுமதி. கள்ளன் வந்தது இதுல."

"அப்போ டின்சி தொறந்த கதவு வேற, கள்ளன் நுழைஞ்ச கதவு வேறயா?"

"ஆமா. அது தெரியாம அந்தப் புள்ள தன்னாலதான்னு உக்காந்துட்டிருக்குது."

ஆனந்தி ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். பிரதீபா பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டும் அவள் லாகின்தானே ஆனந்தி? ஒரு வரி எழுதின கை ரெண்டாவது வரியும் எழுதும். வேற கை என்றால் அந்தக் கையைக் காட்டுங்க."

இணைப்பு அறுந்தது. வந்த வெளிச்சம் மூச்சு விடும் நேரத்தில் போய்விட்டது. ஜின்சனின் ஆபீசில் கம்ப்யூட்டர் எப்போதும் டின்சியின் லாகினில் திறந்தே கிடக்குமாம். கட்டன்சாயா குடிக்க ஒதுங்கியவன்கூடத் தட்டியிருக்கலாம்.

அவள் மிச்சம் ஃபோல்டர்களையும் திறந்தாள். வேறு செய்வதற்கு எதுவும் இல்லை. ஜீப் சவாரி ஃபோல்டரில் அந்த இரண்டு வரி ஃபைல் இருந்தது. ஏலக்காய்க் கடை ஃபோல்டரிலும் இருந்தது. வெறும் புகைப்படங்கள் கிடந்த ஃபோல்டரிலும். வேண்டாமென்று ஒதுக்கிய குப்பை ஃபோல்டரிலும். கடைசியில் ஒன்றுமே இல்லாத ஒரு ஃபோல்டர். அதற்குள்ளும் அந்த ஃபைல் தனியாக உட்கார்ந்திருந்தது.

"ஸ்கிரிப்ட் ஓடாத எடத்துல இந்த ஃபைலுக்கு வேலையே கிடையாது" என்றாள்.

"செத்தவனுக்கு இருமல் மருந்து."

"டின்சி வச்சிருக்க மாட்டா. கள்ளனும் வச்சிருக்க மாட்டான். ரெண்டு பேருக்கும் விஷயம் தெரியும். இது தெரியாதவன் கை மணி. ஆனா சோம்பேறிக் கை இல்ல."

மணி பிரேக்கை மிதித்தான். வளைவில் ஒரு மரம் சாய்ந்து ரோட்டை அடைத்திருந்தது. மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்ட நாலைந்து பெண்கள் அரிவாளோடு கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள்.

"சின்னத்தாய் மதினி! வழி கிடைக்குமா, இல்ல இங்கயே வீடு கட்டணுமா?"

"எறங்கி ஒரு கை பிடிச்சா கிடைக்கும். வாயால வெட்டுனா மரம் விழாது கொழுந்தனே."

மணி இறங்கினான். ஆனந்தியும் இறங்கி, ரோட்டோர மண்திட்டில் ஒதுங்கினாள். நேரத்தைப் பார்த்தாள். வானம் ஏற்கெனவே சாயங்கால நிறத்தில்தான் இருந்தது. அது காலையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது.

எதிரே ஏலச்சரிவு. அழுகல் நோய் விழுந்த தூர்களைத் தோண்டி எடுத்த குழிகள் வரிசையாக வாய் திறந்து கிடந்தன. குழிக்குள் தேங்கிய தண்ணீர் நீலமாக இருந்தது.

"ஏனுங்க, அது என்னங்க நீலமா?"

"துரிசு" என்றாள் சின்னத்தாய். "அழுகலுக்கு ஊத்துற மருந்து."

"செடியே இல்லீங்களே. வெறும் குழிதானே?"

"அதைக் கேளுங்க!" அவள் அரிவாளை மரத்தில் கொத்தி நிறுத்தினாள். "செடியைத்தான் பிடுங்கியாச்சே, குழிக்கு என்னத்துக்குன்னு நாங்களும் கேட்டோம். ஜின்சன் முதலாளி கூடவே நின்னு ஊத்த வச்சாவ. ஒரு குழி விடக்கூடாது. நோய் செடியில இல்ல, மண்ணுல ஒறங்கிக்கிட்டு இருக்குன்னாவ. வேற எந்தத் தோட்டத்துலயும் இப்படிக் கிடையாது. கேட்டா, பாதி மருந்து அடிக்கிறவன் முழு மடையன்னு ஒரு சொலவடை வேற."

ஆனந்தி குழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மதினி" என்றான் மணி கிளையை இழுத்தபடி, "மானி பாத்தீங்களா?"

"என்னத்த பாக்க? போன்ல வெள்ளையா இருக்கு. டின்சி இருந்தா சொல்லியிருப்பா." சின்னத்தாய் சரிவின் உச்சியைப் பார்த்தாள். மேகம் மட்டும்தான் தெரிந்தது. "ராத்திரி எல்லாரும் இதுக்குக் கீழதான் ஒறங்கணும்."

மரம் ஒதுங்கியது. ஜீப் கிளம்பியதும் மணி கேட்டான். "கிடைச்சிட்டா?"

"கை கிடைச்சிருச்சு. பிடிச்சு நீட்ட ஒண்ணும் இல்ல. அந்தாளே நீட்டுனாத்தான் உண்டு."

"கோழியே வந்து குழம்புல குதிக்கணும்ங்கிறீங்க."

ஜின்சன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தார். உள்ளே சூடு, வாசனை, அடுக்கடுக்காகத் தட்டுகள். அவர் ஒவ்வொரு தட்டாக இழுத்து விரலால் துழாவிப் பார்த்து உள்ளே தள்ளினார். காலித் தட்டு ஒன்று வந்தது. அதையும் இழுத்து, துணியால் துடைத்து, உள்ளே தள்ளினார். ஆனந்தி மணியின் காலை மெல்ல மிதித்தாள்.

"வாங்க, வாங்க. இந்த மழையில எதுக்கு? அந்தக் கொச்சுப் பெண் செஞ்சது எனக்கும் சங்கடம்தான். மகள் மாதிரி வச்சிருந்தேன். கள்ளன் யாருன்னு தெரிஞ்சோ?"

"தெரியலைங்க. ஆனா ஆள் மடையன்னு மட்டும் தெரிஞ்சு போச்சு."

தட்டு பாதியில் நின்றது. "அதெப்படி?"

"செட்டிங் ஃபைலை எங்கெல்லாம் வச்சிருக்கான் பாருங்க. படம் கிடக்கற எடத்துல, குப்பையில, ஒண்ணுமே இல்லாத காலி ஃபோல்டர்ல. வேலை தெரிஞ்சவன் வைப்பானுங்களா?"

"மாட்டுக்கு அடிக்க வேண்டிய லாடத்தை வண்டிச் சக்கரத்துக்கும் சேத்து அடிச்சிருக்கான் முதலாளி" என்றான் மணி. "இப்படி ஒரு கிறுக்கனை நான் பாத்ததே இல்ல."

ஜின்சனின் காது சிவந்தது.

"கிறுக்கன் என்று எப்படிச் சொல்லும்? உங்களுக்கு என்ன தெரியும்? ஒண்ணை விட்டால் அங்கேருந்து திரும்ப வரும். பாதி மருந்து அடிக்கிறவன்தான் முழு மடையன். காலிக் குழியில்தான் நோய் உறங்கும்."

தகரத்தின்மேல் மழை கொட்டியது. ஆனந்தி அது கொஞ்சம் கொட்டட்டும் என்று காத்திருந்தாள்.

"நான் ஃபோல்டரைத்தானுங்க சொன்னேன். குழியைப் பத்தி யாருமே பேசலீங்களே."

ஜின்சன் கையிலிருந்த துணியைப் பார்த்தார். மடித்தார். இன்னொரு முறை மடித்தார். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த கூடைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு போன் வந்தது" என்றார். "ஹோஸ்டிங் கம்பெனியில இருந்து என்று சொன்னான். என் பேரு தெரியும், சைட்டு பேரு தெரியும். நல்ல மரியாதை. புக்கிங் எல்லாம் தடைப்பட்டு நிக்குது, இப்பவே சரி செய்யலாம் என்றான். உங்க பெண் ஏற்கெனவே ஒரு ஃபைல் வச்சிருக்கா, அதை காப்பி எடுங்க, கீழே இந்த வரியைச் சேருங்க, ஹோம்ஸ்டே ஃபோல்டர்ல வையுங்க என்றான்."

"ஒரு ஃபோல்டர்ல வைக்கச் சொன்னான். நீங்க எல்லாத்துலயும் வச்சீங்க."

"ஒண்ணில் மட்டும் வச்சா எப்படி? அது என் பழக்கம் இல்ல."

"கேசு வந்தப்ப ஏனுங்க சொல்லல?"

அவர் மடித்த துணியை விரித்தார்.

"இந்தத் தோட்டத்துல ஒரு கங்காணிகூட என்னை ஏமாத்தினது கிடையாது. முகம் தெரியாத ஒருத்தன் ரெண்டு நல்ல வார்த்தை பேசி என் கையாலயே கதவைத் திறக்க வச்சான் என்று ஸ்டேஷன்ல நான் எப்படிச் சொல்லும்? ஹோம்ஸ்டே லைசென்ஸ் போகும். கெஸ்டு யாரு வருவாங்க? அந்தக் கொச்சு தானே ஒப்புக்கிட்டா. நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல."

"அவ ஒப்புக்கிட்டது அவ தொறந்ததைங்க. நீங்க தொறந்ததையும் சேத்து அவ தலையில எழுதப் போறாங்க."

"எனக்கு ரெண்டு நாள் தாங்க. வக்கீலைப் பாத்து..."

"இருட்டறதுக்குள்ளங்க."

ஜின்சன் தலையாட்டினார். முடியாது என்ற தலையாட்டல். ஆனந்திக்கு இனிக் காட்ட எதுவும் இல்லை. பதிவு இல்லை, சாட்சி இல்லை. இவர் நாளைக்கு எதுவுமே சொல்லவில்லை என்று சொன்னால், இந்த மழைக்கு மட்டும்தான் உண்மை தெரியும். மணி அவளைப் பார்த்தான். அவனிடமும் ஜோக் தீர்ந்துவிட்டது.

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"எல்லாக் குழிக்கும் ஊத்துனீங்க. வெறுங்குழிக்கும் ஊத்துனீங்க. ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்க. அது ஸ்டேஷனுக்குள்ள உக்காந்திருக்குது, டின்சின்னு பேரு. பாதி மருந்து அடிக்கிறவன் யாருன்னு நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லல."

அவள் இறங்கி மழையில் நடந்தாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். மணி சாவியைத் திருகினான். என்ஜின் இருமியது, நின்றது. மறுபடி இருமியது.

"ஓட மாட்டேங்குதா?"

"ஓடும். நாந்தான் ஓட விடாம வச்சிருக்கேன்."

ஸ்டோர் கதவு மூடும் சத்தம் கேட்டது. பூட்டும் சத்தம். பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம். இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கும் சத்தம். பிறகு பின்சீட்டு அமுங்கியது.

ஸ்டேஷன் முற்றத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். பிரதீபா பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஜின்சன் நின்றுகொண்டே சொன்னார். கேட்காததையும் சொன்னார். போன் வந்த எண்ணைச் சொன்னார். ஃபைல் வைத்த ஃபோல்டர்களின் பெயர்களை ஒன்று விடாமல் சொன்னார். காலி ஃபோல்டரின் பெயரையும்.

பிரதீபா எழுதி முடித்துவிட்டு டின்சியைப் பார்த்தார். "நீ வீட்டுக்குப் போகலாம் மோளே."

டின்சி எழுந்திருக்கவில்லை. "என் கதவு இல்லையாக்கா?"

"உன் கதவு இல்லம்மா. உன் எடை சரியாத்தான் இருந்துச்சு."

அவள் முகத்தில் நிம்மதி வருமென்று ஆனந்தி நினைத்தாள். வரவில்லை. அவள் கண் மேசைமேல் இருந்த கவருக்குப் போயிற்று.

"மேடம், மானி."

பிரதீபா ஒரு கணம் கவரைக் கையில் வைத்திருந்தார். பிறகு சீலை உடைத்தார். "சைட்டைத் திறக்கச் சொல்லட்டுமா? லைன்ல எல்லாரும் பாக்கலாமே."

"வேண்டாம் மேடம். அட்டைப் படமெல்லாம் இன்னும் உள்ளதான் கிடக்கு. அதை முதல்ல வெளிய எடுக்கணும். அதுவரை பூட்டியே இருக்கட்டும். இப்ப நான் படிக்கேன், நீங்க சொல்லுங்க."

போன் உயிர் பெற்றது. டின்சி விரலால் தேய்த்தாள். காத்திருந்தாள். ஈரப் பையோடு உள்ளே வந்த இருதயம்மாள் மகளின் தோளைத் தொட்டாள். மகள் திரும்பவில்லை.

"மழை ஆபத்துச் சிவப்பைத் தாண்டிட்டு" என்றாள் டின்சி. "நேத்தே தாண்டியிருக்கு."

முதலில் அசைந்தது ஜின்சன். தன் போனில் கங்காணியைக் கூப்பிட்டு, மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ராக்கப்பா. லைன் மொத்தத்தையும் இறக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போ. இப்பவே. அரிசி பருப்பு ஒண்ணும் எடுக்க வேண்டாம். ஒரு வீடு விடாதே."

"பூட்டியிருக்கிற வீடு, முதலாளி?" கங்காணியின் குரல் மழைக்குள்ளிருந்து வந்தது.

"பூட்டியிருந்தாலும் தட்டு. உள்ளே யாரும் இல்ல என்று உனக்கு எப்படித் தெரியும்? போனை வைக்காதே. எனக்குக் கேக்கணும்."

கேட்டது. கதவு தட்டும் சத்தம். சின்னத்தாயின் அதட்டல். குழந்தை அழுகை. நாய். அடுத்த கதவு. டின்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எந்தத் தட்டல் எந்த வீடு என்று அவளுக்குத் தெரிந்தது. மரக்கதவு, தகரக்கதவு, கீல் போன கதவு. சுடலைமணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

கடைசி வீட்டுக்கு வந்தார்கள். பூட்டுப் போட்டிருந்தது. ராக்கப்பன் தட்டினான். பதில் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினான்.

அது அவர்கள் வீடு. உள்ளே யாரும் இல்லை என்று டின்சிக்குத் தெரியும். இருதயம்மாளுக்கும் தெரியும். அவன் தட்டி முடிக்கும்வரை இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.